மருந்தின்றிக் கரையுமா கழுத்துக் கட்டி?



இம்மாத உடல்நலப் பக்கத்திற்குத் தொட்டியத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய வினாவை எடுத்துக்கொள்கிறோம். அவருடைய தம்பிக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலி இல்லாததால் சில மாதங்கள் யாரும் கவனிக்கவில்லை. பின்னர் திருச்சியில் சதையை எடுத்துச் சோதித்ததில், 'ஹாட்ஜ்கின் லிம்போமா' எனும் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மருந்து ஏற்றுவதற்கு நாளும் குறித்தாயிற்று. இந்நிலையில் நெருங்கிய உறவினர் ஒருவர், "இதே நோய் வந்த ஒருவருக்கு எந்த மருந்தும் இல்லாமல் கட்டி தானாகக் கரைந்துவிட்டதாம். அவசரப்பட்டுப் பிள்ளையின் உடம்பைக் கெடுத்துவிடாதீர்கள்" என்று கூறிவிட்டார். தம்பியும் மருத்துவமனைக்குப் போக மறுக்கிறார். "அப்படிக் கரைவது உண்மைதானா? உண்மையானால் நாங்களும் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று சகோதரி கேட்கிறார்.

இதில் வினாக்கள் இரண்டு உள்ளன. முதல் வினாவுக்கு விடை 'ஆம்' என்பதாகும். இரண்டாவது வினாவுக்கு விடை 'கூடாது' என்பதாகும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவன போலத் தோன்றலாம். முரண்பாடு ஏதுமில்லை என்பதை நீங்களே காண்பீர்கள். ஆகவே சற்றுப் பொறுமையுடன் படியுங்கள். இதுபோன்ற இக்கட்டில் இருக்கும் குடும்பத்தாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நிணநீர்ப் புற்று என்பது என்ன?

நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் பரந்து கிடக்கின்றன. அவற்றின் வழியில் கழுத்து, அக்குள், தொடைமடிப்பு, நெஞ்சு, வயிறு ஆகிய இடங்களில் அவரை விதை போன்ற சிறு கணுக்கள் உள்ளன. நோய்க்கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவல் நிலையங்கள் இவை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கிலும், பல்லில் சீழ் வைத்தால் தாடையின் கீழும் நெறி கட்டுவது இதனால்தான். இக்கணுக்களில் காவல் புரியும் வெள்ளணுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கினால் அது லிம்போமா எனப்படுகிறது.

இது ஒரே நோயன்று. பல வகைகள் இதில் அடங்கும். இலண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832ஆம் ஆண்டில் விவரித்த வகை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏனையவற்றில் ஆண்டுக்கணக்கில் ஆமைபோல் நகர்பவையும் உண்டு; ஓரிரு நாட்களிலேயே இரட்டிப்பாகக் கூடியவையும் உண்டு. "இதே நோய்தான் அவருக்கும் வந்தது" என்று பிறர் கூறும்போது, எந்த வகை என்று கேட்காமல் அச்சொல்லை ஏற்கக் கூடாது.

தானாகக் கரைந்த வரலாறுகள்

புற்றுநோய் தானாகக் குறைவது குறித்து அமெரிக்க அறுவை மருத்துவர்களான டில்டன் எவர்சன், வாரன் கோல் ஆகிய இருவரும் 1966இல் ஒரு நூல் வெளியிட்டனர். சிகிச்சையே இல்லாமல், அல்லது நோயைக் குணமாக்கப் போதாத சிகிச்சையுடன், கட்டி முழுவதுமாகவோ ஓரளவோ மறைந்தால் அதனைத் தானாகக் குறைதல் எனலாம் என்று அவர்கள் வரையறுத்தனர். உலக மருத்துவ இதழ்களைப் பல ஆண்டுகள் சலித்தெடுத்து அவர்கள் ஏற்றுக்கொண்ட நோயாளிகள் 176 பேர் மட்டுமே. இதிலிருந்தே இது எத்துணை அரிது என்பதை உணரலாம்.

ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் டெனிஸ் பர்கிட், சிறுவர்களின் தாடையில் மிக விரைவாக வளரும் ஒரு கட்டியை 1958இல் விவரித்தார். இன்று அது 'பர்கிட் லிம்போமா' எனப்படுகிறது. அவரும் உகாண்டா நாட்டு அறுவை மருத்துவர் செபாஸ்டியன் கியால்வாசியும் 1967இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்வளவு கொடிய கட்டியும் அரிதாகச் சிலருக்குத் தானாக மறைந்ததைப் பதிவு செய்தனர்.

மெதுவாக வளரும் வகைகளில் இது அவ்வளவு அரிதன்று என்பது பின்னர் தெரியவந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்களான சாண்ட்ரா ஹார்னிங், சால் ரோசன்பர்க் இருவரும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடனடிச் சிகிச்சை தேவையில்லை என்று தாங்களே தீர்மானித்துக் கண்காணித்து வந்த 83 நோயாளிகளைப் பற்றியது அது. அவர்களுள் 19 பேருக்குக் கட்டிகள் மருந்தின்றியே குறைந்தன. ஏறக்குறைய நால்வரில் ஒருவர்! ஆயினும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த 83 பேரும் மெதுவாக வளரும் வகையினர். ஹாட்ஜ்கின் நோயாளி எவரும் அதில் இல்லை. அவ்வாறு கண்காணிக்கப்பட்டவர்களிலும் பாதிப்பேருக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டியதாயிற்று.

ஹாட்ஜ்கின் நோயிலேயே ஒரு நிகழ்ச்சி அண்மையில் பெரிதும் பேசப்பட்டது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 61 வயதுடைய ஒருவர். மாற்றுச் சிறுநீரகம் பயனற்றுப் போய் டயாலிசிஸ் செய்துவந்தவர். அவருக்கு ஹாட்ஜ்கின் நோய் இருப்பது உறுதியான சிறிது காலத்திலேயே கொரோனா நிமோனியா தாக்கியது. 11 நாட்கள் மருத்துவமனையில் வைத்துக் கவனித்து வீட்டுக்கு அனுப்பினர். புற்றுநோய்க்கான மருந்தோ ஸ்டீராய்டோ தரப்படவில்லை. 4 மாதங்கள் கழித்துப் பெட் ஸ்கேன் எடுத்தபோது உடலெங்கும் இருந்த கட்டிகள் பெருமளவு மறைந்திருந்தன. அங்குள்ள மருத்துவர்கள் இதனை 2021இல் பிரிட்டிஷ் இரத்தவியல் இதழில் வெளியிட்டனர். உங்கள் உறவினர் செவியில் விழுந்த செய்தி இதுவாகவும் இருக்கலாம்.

எதனால் இவ்வாறு நிகழ்கிறது?

உடலின் எதிர்ப்பாற்றல் உறக்கம் கலைந்து எழுவதே முதன்மையான காரணமாக இருக்கக்கூடும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். கடுமையான காய்ச்சலோ தொற்றோ வரும்போது வெள்ளணுக்கள் பெரும்படையாகத் திரள்கின்றன. அப்படை கிருமியைத் தாக்குவதோடு, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட புற்று அணுக்களையும் தாக்கக்கூடும். கார்ன்வால் மருத்துவர்கள் தந்த விளக்கமும் இவ்வகையினதே.

இக்கருத்து புதியதன்று. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, தோலில் பரவும் அக்கி போன்ற கடும் தொற்றுக்குப் பின் கட்டி மறைந்த ஒருவரின் பழைய குறிப்பைக் கண்டார். 1891 முதல் அவர் கிருமிகளையும், பின்னர் கொல்லப்பட்ட கிருமிகளின் நச்சையும் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சிலருக்குப் பலன் கிட்டியது, பலருக்குக் கிட்டவில்லை. கிருமியைச் செலுத்தியதால் உயிரிழந்தோரும் உண்டு. 'காய்ச்சல் வந்தால் கட்டி கரையும்' என்று யாரேனும் சொன்னால் இவ்வரலாற்றையும் நினைவிற்கொள்க. அந்தச் சிந்தனை பல பத்தாண்டுகள் கழித்தே பாதுகாப்பான எதிர்ப்பாற்றல் மருந்துகளாக உருப்பெற்றது.

வேறு சில சமயங்களில் காரணம் வெளிப்படையானது. மாற்று உறுப்புப் பொருத்தியவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்கின்றனர். இதனால் சிலருக்கு நிணநீர்ப் புற்று தோன்றுவதுண்டு. அம்மருந்தைக் குறைத்தபோது புற்று மறைந்ததை அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் 1984இல் தெரிவித்தனர். மூட்டுவாதத்திற்கு மெத்தோட்ரெக்ஸேட் உட்கொண்டவர்களிடமும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. (இதைப் படித்துவிட்டு அம்மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.) இரைப்பையில் வரும் ஒருவகை லிம்போமா, அங்கே குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியைச் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளால் அழித்த பின் பின்வாங்கியதை இலண்டன் ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்டனர். இன்று அது நடைமுறைச் சிகிச்சையாகவே உள்ளது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவையெல்லாம் 'புற்றுநோய் மருந்தே இல்லாமல் கரைந்தது' என்றுதான் தோன்றும்.

கரைந்தது புற்றுதானா?

இனி, நம் ஊர்களில் வாய்மொழியாகப் பரவும் செய்திகளைப் பார்ப்போம். அவற்றை நம்புமுன் மூன்று ஐயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அது லிம்போமாதான் என்று திசுச் சோதனையில் உறுதியானதா? நம் நாட்டில் கழுத்தில் நெறி கட்டுவதற்கு மிகப் பரவலான காரணங்களுள் ஒன்று காசநோய். நம் முன்னோர் கண்டமாலை என்றழைத்தது பெரும்பாலும் இதுவே. மற்றொன்று 'கிக்குச்சி நோய்' என்பது. 1972இல் ஜப்பான் நாட்டில் கண்டறியப்பட்ட இந்நோய் பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது. காய்ச்சலும் கழுத்துக் கட்டியும் இருக்கும். நுண்ணோக்கியில் பார்க்கும்போது லிம்போமாவோ என்று மயங்கத்தக்கதாகவும் இருக்கும். ஆனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தணிந்துவிடும். ஊசியால் சிறிது நீரை உறிஞ்சிப் பார்த்து, "சந்தேகமாக இருக்கிறது" என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு 'புற்று' என்று பேசத் தொடங்கிய குடும்பத்தில், கட்டி கரைந்ததும் அது அதிசயமாகிவிடுகிறது.

இரண்டாவது, உண்மையிலேயே மருந்து எதுவும் உட்கொள்ளவில்லையா? ஸ்டீராய்டு மருந்து நிணநீர்க் கட்டிகளைச் சில நாட்களிலேயே சுருக்க வல்லது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் தோல் அரிப்புக்கும் தரப்படும் மாத்திரைகளில் அது உண்டு. பெயர் எழுதாத பொட்டலத்தில் தரப்படும் பொடிகள் சிலவற்றிலும் அது கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இவ்வாறு சுருங்கிய கட்டி பெரும்பாலும் மீண்டும் வளரும். அதற்கிடையில் திசுவை எடுத்துப் பார்த்தாலும் நோயின் வகை சரிவரப் புலப்படாமல் போகும். ஆகவே, திசுச் சோதனை முடியும்வரை மருத்துவருக்குத் தெரியாமல் எந்த மாத்திரையும் பொடியும் உட்கொள்ளாதிருப்பது நலம்.

மூன்றாவது, கரைந்த கட்டி கரைந்தபடியே இருந்ததா? கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டி மறைந்ததனால் நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ளவையும் மறைந்தன என்று பொருளில்லை. ஸ்கேன் எடுத்தால்தான் அது விளங்கும். உண்மையாகவே குறைந்தவர்களிலும் பலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நோய் திரும்பியிருக்கிறது. "கரைந்துவிட்டதாம்" என்ற செய்தி ஊரெல்லாம் பரவுகிறது. "திரும்பி வந்துவிட்டதாம்" என்ற செய்தி அந்த வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுகிறது.

காத்திருப்பும் கைவிடுதலும்

"டாக்டர்களே சிலரைக் காத்திருக்கச் சொல்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. மெதுவாக வளரும் லிம்போமாவில், தொல்லை எதுவும் இல்லாதபோது உடனே மருந்து தொடங்காமல் கண்காணிப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. இங்கிலாந்தில் இத்தகைய 309 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு உடனே மாத்திரை கொடுத்தனர். மற்றவர்களுக்குத் தேவை ஏற்படும்வரை பொறுத்தனர். இரு பிரிவினரின் வாழ்நாளிலும் வேறுபாடு இல்லை என்று 2003இல் லான்செட் இதழில் வெளியிட்டனர்.

ஆனால் அந்தக் காத்திருப்பு எத்தகையது என்பதைக் கவனியுங்கள். நோயின் வகை திசுச் சோதனையில் உறுதியாகியிருக்கும். உடலில் எங்கெங்கே பரவியுள்ளது என்பது தெரிந்திருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் நோயாளி மருத்துவமனைக்கு வருவார், எடை பார்க்கப்படும், இரத்தம் சோதிக்கப்படும். எப்போது சிகிச்சை தொடங்குவது என்ற எல்லைக்கோடும் முன்பே வரையப்பட்டிருக்கும். காவிரியில் வெள்ளம் வரும் காலத்தில் கரையில் நின்று நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் காத்திருக்கிறார். வெள்ளம் தானாக வடியும் என்று வீட்டில் படுத்துறங்குபவரும் காத்திருக்கிறார். இரண்டையும் ஒன்றென்று தொட்டியத்தில் எவரும் கூறமாட்டார்.

ஹாட்ஜ்கின் நோய் இத்தகைய கண்காணிப்புக்கு உரியதன்று. சிகிச்சை அறியப்படாத காலத்தில் அந்நோய் முற்றியவர்களுள் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். 1960களில் அமெரிக்காவிலும், 1970களில் இத்தாலியின் மிலான் நகரில் போனடோனா என்பவர் தலைமையிலும், நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறைகள் உருவான பின் நிலைமை தலைகீழாயிற்று. இன்று முறையான சிகிச்சை பெறுவோரில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் குணமடைகின்றனர். தொடக்க நிலையில் வருவோரில் இவ்விகிதம் இன்னும் அதிகம். புற்றுநோய்களுள் இவ்வளவு நன்றாகக் குணமாகக் கூடியவை சிலவே.

ஒருபுறம் பத்துக்கு எட்டு என்ற நம்பிக்கை. மறுபுறம் உலக இதழ்களில் பதிவாகும் அளவுக்கு அரிதான நிகழ்ச்சி. பின்னதற்காக முன்னதை விடுவது, விளைந்து தார் தள்ளிய வாழைத்தோட்டத்தை விட்டுவிட்டுப் பரிசுச்சீட்டை நம்பி இருப்பதற்கு ஒப்பாகும். அதிலும் கார்ன்வால் நோயாளியின் கதையைப் பின்பற்ற எவராலும் இயலாது. அவர் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. உயிருக்கே ஆபத்தான நிமோனியாவிலிருந்து தப்பியவர் அவர்.

தம்பியின் அச்சத்தைக் கேளுங்கள்

சிகிச்சையை மறுக்கும் ஒருவர் உண்மையில் எதை அஞ்சுகிறார் என்று முதலில் கேட்டறியுங்கள். முடி கொட்டும் என்பதாக இருக்கலாம். கொட்டும்; மருந்து முடிந்த சில மாதங்களில் மீண்டும் வளரும். பிள்ளைப்பேறு இல்லாமல் போகுமோ என்ற கவலையாக இருக்கலாம். இதை நம் வீடுகளில் வாய்விட்டுக் கூறமாட்டார்கள். ஹாட்ஜ்கின் நோய்க்கு இப்போது பெரிதும் வழங்கப்படும் நான்மருந்து முறையில் இந்தப் பாதிப்பு குறைவு. ஆயினும் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. பாதுகாப்பதற்கு வழிகள் உள்ளன. வேலை கெடுமே என்பதாக இருக்கலாம். பெரும்பாலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை காலையில் சென்று மாலையில் திரும்பும் வகையில், நோயின் நிலைக்கேற்பச் சில மாதங்களில் இச்சிகிச்சை முடிந்துவிடும். 'கரண்ட் வைப்பது' என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

பணம் தடையாக இருக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தை அணுகுங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை முசிறி வழியே பேருந்தில் சென்று வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. மேல் ஆலோசனை வேண்டுமாயின், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

நோய்தானா என்ற ஐயம் உங்களுக்கு இன்னும் இருந்தால், அதனைத் தீர்க்க மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியதில்லை. திசுச் சோதனை செய்த இடத்தில் அத்திசுவின் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெறுங்கள். அவற்றை வேறொரு பெரிய மருத்துவமனையில் கொடுத்து இரண்டாவது கருத்துக் கேளுங்கள். மீண்டும் கத்தி வைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேராது. சில நாட்களில் ஐயம் தீரும். மருந்து தொடங்குமுன் கட்டி சிறிதானது போலத் தோன்றினால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து முடிவு செய்வார். தானாகக் குறைவது என்றொன்று உண்டு என்பது அவருக்கும் தெரியும்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல். வலியில்லாத நெறி நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் கட்டி தென்பட்டாலோ, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்த்தாலோ, காரணமின்றிக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ தாமதிக்காதீர்கள். லிம்போமா என்று ஐயுறும்போது ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது மட்டும் போதாது. இயன்றவரை ஒரு கணுவை முழுமையாக எடுத்துச் சோதிப்பதே நோயின் வகையைத் துலக்கும்.

சகோதரியே! உங்கள் உறவினர் கெட்ட எண்ணத்தில் கூறியவரல்லர். பிள்ளையின் மீதுள்ள பாசத்தால் கூறியிருக்கிறார். அவரையே உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அவருடைய வினாவை அவரே கேட்கட்டும். வீட்டார் துஆ செய்யுங்கள். அதற்கு எந்த மருத்துவமும் தடையன்று. துஆ செய்த கையோடு, குறித்த நாளில் தம்பியை மருந்து ஏற்றிக்கொள்ள அழைத்துச் செல்லுங்கள். அந்த நாள் கடந்திருந்தால் நாளைக் காலையே புதிய நாள் கேட்டு வாங்குங்கள். எல்லாம் வல்ல இறைவன் அவருக்கு நிறைந்த நலனை வழங்குவானாக!